நான் அழித்த இரண்டு பெயர்கள்

அந்த வருஷம் வருமான வரிக் கணக்கை நானே போட்டேன். காசை மிச்சம் பிடிக்க இல்லை. ரோஷம்.

முந்தின வருஷம் ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போட்டேன். ஆதார் திருத்தம், பஸ் டிக்கெட், பி.எஃப்., வரிக் கணக்கு என்று எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற கடை. ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் எனக்குப் பின்னால் நிற்கிறது. கடைக்காரர் தலையைத் தூக்காமலேயே, கம்பெனியா காண்ட்ராக்ட்டா என்று கேட்டார். கம்பெனி என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கி என் கழுத்தைப் பார்த்தார். "நீலக் கயித்த மாட்டிகினு கம்பெனின்றியேம்மா" என்றார். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கழுத்திலும் நீலக் கயிறுதான், அது வேறு விஷயம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் என்ன நிரப்பி அனுப்பினார் என்றுகூடப் பார்க்கவில்லை. இனி செத்தாலும் இந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

கயிறு என்றால் அடையாள அட்டை தொங்குகிற நாடா. எங்கள் தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே பஸ், கேன்டீனில் ஒரே தண்ணிச் சாம்பார். நாடா மட்டும் ரெண்டு நிறம். பெர்மனன்ட் ஆட்களுக்கு வெள்ளை, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலம். நான் வண்டிகளுக்கான பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்புகிற மேசையில் இருக்கிறேன். நல்லது பச்சைக் கூடைக்கு, கெட்டது சிவப்புக் கூடைக்கு. தென்காசிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சர்ட்டிபிகேட்டும் ஒரு பையுமாக வந்து இந்த மேசையில் உட்கார்ந்தவள், எட்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் யாருக்கும் காண்ட்ராக்ட் என்றால் என்னவென்று தெரியாது. ரோடு போடுகிறவரைத்தான் அங்கே காண்ட்ராக்டர் என்பார்கள். அம்மா பீடி சுற்றுகிற இடத்தில் போய், மூத்தவ பெரிய கம்பெனியில இருக்கா என்று சொல்லிச் சொல்லி அந்தக் கம்பெனிப் பெயரை ஊருக்கே மனப்பாடம் ஆக்கிவிட்டாள். நானும் திருத்தவில்லை. சொல்லப்போனால் நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். ஏறுகிற பஸ்ஸில் கம்பெனிப் பெயர், சட்டைப் பையில் கம்பெனிப் பெயர், தீபாவளிக்குத் தருகிற ஸ்வீட் டப்பாவில் கம்பெனிப் பெயர். பிறகு வேறு யார் பெயரைச் சொல்லச் சொல்கிறீர்கள்?

ஜூலை மாதம் ஒரு விடுமுறை நாளில், வடக்குப்பட்டில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற அறையில் சுவரில் சாய்ந்துகொண்டு போனில் கணக்குப் போட உட்கார்ந்தேன். வரித் தளத்தில் பாதி விவரம் தானாகவே நிரப்பி வந்தது. என் பெயர், பேங்க் கணக்கு, ஆதார் எல்லாம் சரி. வேலை கொடுத்தவர் என்ற கட்டத்தில் மட்டும் ரெண்டு பெயர் இருந்தது. ஒன்றுக்கு ஸ்ரீபெரும்புதூர் விலாசம், இன்னொன்றுக்குக் கோயம்புத்தூர். ரெண்டு பேரையும் நான் ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை. யாருடைய கணக்கோ என் கணக்கில் வந்து ஏறிவிட்டது, அரசாங்கத்து வேலை இப்படித்தானே இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, ரெண்டு பெயரையும் அழித்தேன்.

இதில் என்ன கூத்து என்றால், காண்ட்ராக்ட்டை நாங்கள் யாரும் அதன் பதிவுப் பெயரால் சொல்வதே கிடையாது. பழைய காண்ட்ராக்ட்டுக்குப் பெயர் 'பெரியவர்'. அவர் வயசானவராம், நான் பார்த்ததில்லை. முந்தின வருஷம் அக்டோபரில் வந்த புதுக் காண்ட்ராக்ட்டுக்குப் பெயர் 'கோட்டு'. முதல் நாள் அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கேன்டீனில் பேசிவிட்டுப் போனார், அதனால். சம்பளம் பேங்கில் விழும். சம்பளச் சீட்டு கேட்டால் தருவார்கள், கேட்காதவர்களுக்குக் கிடையாது. நான் கேட்டதில்லை.

அழித்த இடத்தில் எதையாவது எழுத வேண்டுமே. என் மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு சிநேகிதி இருக்கிறாள். மணிமங்கலத்துக்காரி. அவள் வீட்டில் தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்ததற்கு வேலை கிடைத்து, வெள்ளைக் கயிறு. சம்பளமும் பிடித்த வரியும் போட்டுக் கம்பெனி தருகிற சான்று, ஃபார்ம் 16 என்பார்கள், அவளிடம் இருந்தது. ஒரு போட்டோ அனுப்பு என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா மாதிரி பார்க்க என்றேன். அதிலிருந்த கம்பெனிப் பெயரையும் கம்பெனியின் வரி எண்ணையும் பார்த்துப் பார்த்து என் கணக்கில் எழுதினேன். ஒரே கம்பெனிக்கு ரெண்டு எண்ணா இருக்கும் என்பது என் வாதம். பேங்க் புத்தகத்தைக் கூட்டிச் சம்பளத்தைப் போட்டேன். அனுப்பி முடித்ததும் என் பெயரும் கம்பெனிப் பெயரும் ஒரே பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைப் படம் பிடித்துக்கூட வைத்தேன். வெட்கக்கேடு.

அந்தக் கணக்கு எனக்கு வேலை செய்ய வேண்டிய நேரம் செப்டம்பரில் வந்தது. என் தங்கச்சிக்குத் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நர்சிங் சீட் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு வருஷம் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே காத்திருந்து கிடைத்த சீட். அப்பா கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் சம்பாத்தியத்துக்குக் காகிதத்தில் சாட்சியே இல்லை. கல்விக் கடனுக்குக் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. ஒரகடத்தில் எனக்குச் சம்பளம் விழுகிற பேங்கில் போய்க் கேட்டேன். கடன் பிரிவு அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிற மனுஷர். ரெண்டு வருஷ வரிக் கணக்கு, ரெண்டும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இருக்கு சார் என்றேன். கல்லூரி அந்த மாசக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்திருந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டு, நீ பெட்டியைக் கட்டு என்றேன். சும்மா சொல்லவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. எங்கள் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தபடியே பஸ் ஏறினேன். உங்கள் கணக்கு குறைபாடுள்ளது, நீங்கள் சொன்ன வேலை கொடுத்தவர் உங்கள் பெயரில் வரி எதுவும் கட்டவில்லை, பதினைந்து நாளில் திருத்தாவிட்டால் கணக்கே போடாததாக எடுத்துக்கொள்ளப்படும் என்று இங்கிலீஷில் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் அடுத்தவன் செய்ததை எடுத்துப் பார்த்து சிவப்புக் கூடையில் போடுகிறவள். என்னையே ஒருத்தன் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டான் என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தங்கச்சி ஞாபகம் வந்தது. மெயிலை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பக்கத்தில் மணிமங்கலத்துக்காரி உட்கார்ந்திருந்தாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வரித் தளத்திலேயே நம் பெயரில் யார் யார் வரி கட்டினார்கள் என்று ஒரு பட்டியல் உண்டாம், அதைத் திறந்தாள். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை ஸ்ரீபெரும்புதூர்ப் பெயர். அக்டோபரில் இருந்து மார்ச் வரை கோயம்புத்தூர்ப் பெயர். நான் அழித்த அதே ரெண்டு பேர். கம்பெனிப் பெயர் அந்தப் பட்டியலில் தலைகீழாக நின்றாலும் இல்லை.

"இன்னாடி இது, இவங்கதானே உன் மொதலாளி. கம்பெனி நம்பர எதுக்குப் போட்ட?" என்றாள்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எட்டு வருஷமாகக் கூடவே உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள், உன் முதலாளி வேறு என் முதலாளி வேறு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். நீ வெள்ளைக் கயிறு, உனக்கென்ன வலிக்கும், நிலத்தைக் கொடுத்து வேலையை வாங்கினவ, நான் வேலையைச் செய்து வேலையில இருக்கேன் என்று என் வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். படப்பையில் இறங்கிப் போய்விட்டாள். ரெண்டு நாள் எங்கள் மேசைகளுக்கு நடுவே பேச்சில்லை.

அந்த ரெண்டு நாளில்தான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. முந்தின வருஷம் செப்டம்பர் கடைசியில் சூபர்வைசர் கேன்டீனுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கினார். காண்ட்ராக்ட் மாறுது, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றார். டீ ஆறிவிடும் என்று நான் படிக்காமல் போட்டேன். அது ராஜினாமாக் கடிதம். நான் வேலையை விட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். மறுநாள் அதே பஸ், அதே மேசை. நாடாவில் இருந்த அட்டையை மட்டும் மாற்றினார்கள். அட்டைக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்தக் கோயம்புத்தூர்ப் பெயர் இருந்திருக்கிறது. பதினோரு மாசமாக என் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணு இது.

சரி, தப்பு என்னுடையது, திருத்திவிடலாம் என்று ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டு பேங்க் அதிகாரிக்குப் போன் போட்டேன். ஒரு கணக்கில் திருத்தம் இருக்கிறது, ரெண்டு வாரம் பொறுங்கள் சார் என்றேன். என்ன திருத்தம் என்றார். பொய் சொல்ல வரவில்லை. முழுக்கச் சொன்னேன். அவர், அப்படிப் பார்த்தால் நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, கூடக் கையெழுத்துப் போடுகிறவர் ரெண்டு வருஷமாவது ஒரே இடத்தில் வேலையில் இருக்க வேண்டும் என்று எங்கள் விதி இருக்கிறதே என்றார்.

போனை வைத்துவிட்டு மொட்டை மாடியில் துவைத்த துணிக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திருத்தாவிட்டால் கணக்கு செல்லாது, கடன் இல்லை. திருத்தினால் நான் பதினோரு மாசத்து ஆள், அப்போதும் கடன் இல்லை. எட்டு வருஷம் எங்கே போச்சு? யாரைப் போய்க் கேட்பது? வாய்விட்டு அழுதேன். கீழ்வீட்டு அம்மா, இன்னாமா ஆச்சு என்று மேலே வந்து பார்த்தார். வெங்காயம் என்றேன். மாடியில் வெங்காயம் ஏது என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் மணிமங்கலத்துக்காரி வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். டிபன் டப்பாவை என் மடியில் வைத்தாள். இட்லி. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "மொதல்ல துன்னு, அப்பால அழுவலாம்" என்றாள். சாப்பிட்டுக்கொண்டே பேங்க் விவகாரத்தைச் சொன்னேன். அவள் யோசித்தாள். பழைய காண்ட்ராக்ட்டிடம் ஃபார்ம் 16 வாங்கியாக வேண்டும் அல்லவா, போகிற போக்கில் எப்போது சேர்ந்தேன் எப்போது விட்டேன் என்று ஒரு லெட்டரும் கேள், தேதி பேசட்டும் என்றாள். தருவார்களா என்றேன். உன் வாய்க்குத் தராமல் இருப்பார்களா என்றாள்.

புதுக் காண்ட்ராக்ட்டுக்காரர்கள் போனிலேயே ஃபார்ம் 16 அனுப்பிவிட்டார்கள். பழையதற்குத்தான் நேரில் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் லீவு போட்டு ஸ்ரீபெரும்புதூர் போனேன். கோயில் தெருவைத் தாண்டி, ஒரு லாட்ஜுக்கு மேல் ரெண்டாவது மாடி. படி ஏற ஏற எனக்குள் சண்டை ஏறிக்கொண்டே போனது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது, ஃபார்ம் 16 தராதது, எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்து வாங்குவது என்று வசனம்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

உள்ளே ஒரே ஓர் அம்மாதான் இருந்தார். ஐம்பது வயசிருக்கும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பெரிய பெரிய பேரேடுகள். நான் ஆரம்பித்தேன். நாலு வாக்கியம் போயிருப்பேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார். பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. அவரே சொன்னார். கடையநல்லூர்ப் பக்கம்தானே, குவாலிட்டி மேசை, ஆதாரில் அப்பா பெயர் ஒரு எழுத்து மாறி இருந்ததே, சரி பண்ணிட்டியா என்றார்.

நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

"ஏழரை வருசம் மாசா மாசம் உன் பேர நான்தாம்மா எழுதிகினு இருந்தேன். மூஞ்சிதான் இப்பப் பாக்கறேன்" என்றார்.

சண்டை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. யாருடா இவனுங்க என்று கேட்டு நான் அழித்த பெயருக்குப் பின்னால் இந்த அம்மா இருந்திருக்கிறார். என் ஓ.டி. மணியை எழுதி, என் லீவை எழுதி, கொரோனா சமயத்தில் நான் ஊரில் மாட்டிக்கொண்டபோது ஆள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று சூபர்வைசரிடம் கேட்டு என் பெயரைப் பட்டியலில் விடாமல் வைத்திருந்ததும் அவர்தான். நான் செய்ததைச் சொன்னேன், ரெண்டு பெயரையும் அழித்ததை. அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பீரோவைத் திறந்து ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். நைலான் கயிறு போட்டுக் கட்டிய ஃபார்ம் 16 கட்டு. வாங்க யாரும் வந்ததே இல்லையாம். எல்லாரும் கம்பெனி வாசலில் போய்க் கேட்டுவிட்டு, அங்கே இல்லை என்றதும் திரும்பிவிடுவார்களாம். என் லைனில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டுக்குள் இருந்தார்கள்.

என்னுடையதை உருவிக் கொடுத்தார். அதில் வேலை பார்த்த காலம் என்று ஒரு கட்டம் இருந்தது. செப்டம்பர் முப்பது வரை. லெட்டர் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். விட்டுப் போன ஆளுக்கு லெட்டர் கொடுத்தால் முதலாளி என்னைக் கேட்பார் என்றார். நான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்ச வராது. சீட் இருக்கிறது, மாசக் கடைசி வரைக்கும்தான் நேரம் என்று மட்டும் சொன்னேன். அவர் போனை எடுத்துப் பெரியவரிடம் பேசினார். நான் இல்லாத மாதிரி, உண்மையைத்தானே எழுதப் போறேன், அதுக்கு எதுக்கு சார் பயம் என்று அவரிடம் குரலை உயர்த்தினார். பிறகு தட்டச்சு செய்தார். சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்தத் தொழிற்சாலையில், எந்தப் பிரிவில். சீல் வைத்துவிட்டு மை காய ஊதினார். படி இறங்கும்போது அந்த லாட்ஜ் வாசலில் நின்று பேக்கை மூன்று தடவை திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மணிமங்கலத்துக்காரி பஸ் ஏறி என் அறைக்கே வந்துவிட்டாள். அறையில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மாடியில் துணிக் கொடிக்குக் கீழே பாய் போட்டோம். நோட்டீசுக்குப் பதில் என்ற இடத்தைத் திறந்தேன். வேலை கொடுத்தவர் கட்டத்தில் நான் ஜூலையில் எழுதிய கம்பெனிப் பெயர் இருந்தது. அழிக்க வேண்டும். பொய் சொல்லவில்லை, விரல் நின்றுவிட்டது. எட்டு வருஷத்துப் பெருமை அது. அம்மா ஊரெல்லாம் சொன்னது. பக்கத்தில் கம்பெனிக்காரி ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் வேறு. அவள் முகத்தைத் திருப்பி ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் செய்த உபகாரம் அது. நான் அழித்தேன்.

முதல் பெயரை எழுதினேன், ஸ்ரீபெரும்புதூர் அம்மாவின் முகம் தெரிந்தது. ரெண்டாவது பெயரை எழுதும்போது எந்த முகமும் தெரியவில்லை, கோட்டு மட்டும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நேரே வரி எண்ணை அவள் படிக்க நான் போட, நான் படிக்க அவள் சரிபார்த்தாள். சம்பளத்தைப் பேங்க் புத்தகத்தில் கூட்டாமல் ஃபார்ம் 16-ல் இருந்தபடியே போட்டேன். பட்டியலோடு ஒப்பிட்டோம். எல்லாம் ஒத்துப்போனது. வேலையில் ஒரு பாகத்தை அளவு கருவிக்குள் விட்டால், சரியான பாகம் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அழுத்த வேண்டாம். அப்படிப் போனது. ஆதாருக்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பினேன். கீழே போய் ரெண்டு டீ வாங்கி வந்தோம்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு ஓடுகிற முதல் ஆள் நான்தான். போன் பெட்டி காவல்காரர்கூட, யாரும்மா அந்தப் பையன் என்று கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார். தங்கச்சி தினம் போன் பண்ணுவாள். நோட்டீஸ் வந்ததை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன், ஆனால் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். சாப்பிட்டியா, மழை உண்டா என்பாள். அவள் கேட்காததுதான் என்னை வாட்டியது. பத்தாம் நாள் மெசேஜ் வந்தது. உங்கள் கணக்கு ஏற்கப்பட்டது. கேட்டிலேயே நின்று அதை மணிமங்கலத்துக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் முதுகில் ஒரு அறை வைத்தாள். வலி ரெண்டு நாள் இருந்தது.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது பேங்குக்குப் போனேன். அதிகாரி முன்னால் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். ரெண்டு வருஷக் கணக்கு, ரெண்டு ஃபார்ம் 16, சீல் வைத்த லெட்டர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சண்டை போடுவேன் என்று எனக்கே பயம். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு ஃபார்மைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், மறுபடி முதலாவதைப் பார்த்தார்.

"முப்பதாம் தேதி வரைக்கும் இவங்க. ஒண்ணாம் தேதியிலிருந்து அவங்க. நடுவுல ஒரு நாள்கூட விடலையே" என்றார்.

ஆமாம் சார் என்றேன்.

எங்கே வேலை மாறியது என்று கேட்டார். மாறவில்லை சார், அதே தொழிற்சாலை, அதே மேசை, அதே நாற்காலிதான், நாற்காலியில் ஒரு சக்கரம் மட்டும் உடைந்து மாற்றியிருக்கிறார்கள் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என் மனுவை இழுத்து, குறிப்பு என்ற இடத்தில் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஒரே பணியிடம். இடைவெளி இல்லை. மொத்தப் பணிக்காலம் எட்டு வருஷம் அஞ்சு மாசம்.

பெரியவர் கொடுத்த லெட்டரில் ஏழரை வருஷம்தான் இருந்தது. கோட்டுக்காரர் கணக்கில் ஒரு வருஷம்கூட இல்லை. கம்பெனிக் கணக்கில் நானே இல்லை. எட்டு வருஷம் அஞ்சு மாசம் என்று என்னைப் பற்றி முழுசாக ஒருத்தர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விதிக்கு விளக்கம் எழுதி மேலே அனுப்புகிறேன், சம்மதம் வந்துவிடும், நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். சொன்னபடியே மறுநாள் மத்தியானம் சம்மதம் வந்தது. கல்லூரிக் கணக்குக்கு நேராகப் பணம் போய்விடும், சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார்.

பேங்க் வாசலில் பைக்குகளுக்கு நடுவே நின்றே தங்கச்சிக்குப் போன் போட்டேன். கடன் வந்துட்டு, சீட் உனக்குத்தான் என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அக்கா, அப்பம் தென்காசி ஜவுளிக்கடையில திங்கக்கெழமை வேலைக்கு வாரேன்னு சொல்லிருந்தேன். வரலைன்னு சொல்லிரட்டா?" என்றாள்.

எனக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. நோட்டீஸ் வந்ததை நான் சொன்ன அன்றைக்கே போய்க் கேட்டு வைத்திருக்கிறாள், பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் முடியாது என்று சொல்ல நேர்ந்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாதென்று, சாப்பிட்டியா மழை உண்டா என்று கேட்டுக்கொண்டே அந்தக் கடை யூனிஃபார்ம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது. ரெண்டுக்கும் அறுநூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

"இப்பமே சொல்லுட்டி. என்ட்ட பேசினது போதும், முதல்ல அவங்கட்ட பேசு" என்றேன்.

சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.